பதினெட்டுக் குடிக்கு ஒரு நாற்காலி

1979இல் எங்கள் கிழக்குக்கரைப் போக்குவரத்துச் சபைக்கு உறுப்பினர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் பஸ்ஸைத் தங்கள் கார்க் கண்ணாடிக்குள் இருந்து மட்டுமே பார்த்தவர்கள். அதை ஏழு பேர் ஆக்கப்போகிறோம், புதிய நாற்காலிகளில் ஒன்று கல்முனைக்கு என்று கடிதம் வந்தபோது, டிப்போவில் நான் லிகிதர். அதைப் பிரித்த கை இதுதான். இன்றைக்கும் இந்தக் கையால் மீன் ஆணம் தின்றால் தனி ருசி.

ஒரே ஒரு பெயர் கேட்டிருந்தார்கள். புதன்கிழமை பகல் இரண்டு மணி மட்டக்களப்பு பஸ்ஸில் விண்ணப்பம் போய்விட வேண்டும். தவறினால் நாற்காலி பொத்துவில் பக்கத்துக்கு. மறுநாள் கூட்டத்தில் முதல் விடயமே, காலை ஆறு மணி வரிப்பத்தான்சேனை பஸ்ஸை நிறுத்திப் பொத்துவில் பக்கத்துக் கோமாரிக்குத் திருப்புவது.

அந்த பஸ்ஸில்தான் சரீபா டீச்சர் வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார். அது நின்றால் அவர் வேலையும் நின்றது. அவருடைய புருஷன் அவருக்கான ராஜினாமாக் கடிதத்தைத் தானே எழுதி, அவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்.

நாங்கள் செய்த பிழை கல்முனைக்காரர் மட்டுமே செய்யக்கூடியது. எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் தலைவராக ஒரு மரைக்கார். அந்த முறையிலேயே இதையும் எடுத்துக்கொண்டோம். புதன் காலை பதினெட்டு மரைக்கார்மாரும் டிப்போ அறைக்குள் வந்து நிரம்பினார்கள். அறையில் கதிரை நாலு. மிச்சப்பேர் டயர் மேல் இருந்தார்கள். கூட வந்த கூட்டம் ஆயிரம் பேர் இருக்கும். சரி, நூறு.

"எங்கட குடிதான் மூத்தது. கந்தூரிச் சோறு முதல்ல ஆருக்கு வைக்கிற?" என்றார் மீராமுகைதீன் மரைக்கார்.

"சோத்துக்கு மூத்த குடி சரி. பஸ்ஸுக்குமா? நீங்க கடைசியா பஸ் ஏறினது வெள்ளக்காரன்ட காலத்துல!" இது முகைதீன்பாவா மரைக்கார்.

"ஒங்கட மூத்தவாப்பா மாட்டு வண்டில்ல தொங்கிப் போன ஆள். நீங்க பஸ்ஸக் கதைக்க வாறீங்க!"

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எல்லோரும் போய் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் ஒட்டித் தொழுதார்கள். திரும்பி வந்து, விட்ட சொல்லிலிருந்தே சண்டையைத் தொடர்ந்தார்கள்.

மணி ஒன்று இருபது. டிப்போப் பெரியவர் பாண்டிருப்பு அழகரெத்தினம் வாசலில் வந்து நின்றார்.

"மரைக்கார்மாரே, கும்பிட்டுக் கேக்கிறன். பஸ்ஸ ஒரு நிமிசமும் பிடிச்சி வெக்க ஏலாது."

யாரும் திரும்பவில்லை. என் பேனா மை என் நெற்றியில் வியர்வையாக வடிந்தது.

ஒன்று நாற்பதுக்குச் சரீபா டீச்சர் அரைநாள் லீவில் வந்து இறங்கினார். நேரே என் மேசைக்கு வந்தார்.

"காக்கா, பேர் போயிட்டா?"

"இல்ல டீச்சர்."

விண்ணப்பத்தை எடுத்துக் கடைசிவரை வாசித்தார். வெட்கம்தான், நான் முதல் வரிக்குக் கீழே வாசிக்கவே இல்லை.

"மீராமுகைதீன் மாமா, ஒங்கட சீசன் டிக்கட் நம்பர் என்ன?"

"என்னத்துக்கு மகள்?"

"நாளாந்தம் பஸ்ல போறவராம் வேணும். நம்பர் எழுதச் சொல்லிரிக்கி."

பதினெட்டுப் பேரும் மடியைத் தடவினார்கள். வெற்றிலையும் பொடிமட்டையும் வந்தன.

"எனக்கிட்ட இரிக்கி," என்றார் சரீபா.

"பொம்புளயா? சபைக்கா?" மீராமுகைதீன் மரைக்கார் எழும்பிவிட்டார்.

"அவட உம்மா ஒங்கட குடிதானே!" முகைதீன்பாவா பாய்ந்தார். "அதான் கூட்டி வந்திரிக்கீங்க!"

வெளியே பஸ் உறுமத் தொடங்கியது. சரீபா விண்ணப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"மாமா, பொம்புளைக்கு மரைக்கார்ப் பட்டம் குடுக்கிறீங்களா?"

"அதெப்படி?"

"அப்ப நான் போனா எந்தக் குடிக்கு வெற்றி?"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். தமக்குக் கிடைக்காதது மற்றவனுக்கும் கிடைக்கவில்லை என்ற பேரானந்தம் பதினெட்டு முகத்திலும் மெல்லப் பரவியது.

"எழுதுங்க," என்றார் மீராமுகைதீன்.

எழுதினேன். பஸ் நகர்ந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு இரண்டும் பறந்து இரண்டு ஊர் தாண்டிப் பெரியநீலாவணையில் விழுந்திருக்கும். மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் குணம் எட்டி வாங்கினான்.

மறுநாள் ஏழு பேர் சபையில் சரீபா கேட்டது ஒரே கேள்வி: பொத்துவில் பஸ் நாளுக்கு ஐந்து தரம் கோமாரியைத் தாண்டிப் போகிறது, வரிப்பத்தான்சேனைக்கு வேறு எது போகிறது? வாக்கு நான்குக்கு மூன்று, எங்கள் பக்கம்.

முஸ்லிம் பள்ளிக்கூடங்களின் வெள்ளி, சனி விடுமுறை கழிந்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேண்டுமென்றே டிப்போவுக்குப் போனேன். வரிப்பத்தான்சேனைப் பலகை மாட்டிய பஸ்ஸில் சரீபா ஏறினார். புருஷன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருந்தார்; முகத்தைக் கடல் பக்கம் திருப்பி நின்றார்.

"ஏழரைக்கு முந்திப் பள்ளிக்கூட வரவுப் புத்தகத்துல கையெழுத்து வெச்சிருவன், இன்ஷா அல்லாஹ்," என்றார் சரீபா அவரைப் பார்த்து. பஸ் கிளம்பியது.