வெட்டிவேர் பூசிய கை

மேற்றிசை சிவந்து, சாமுண்டி மலையின் நிழல் கீழ்த்திசைத் தோட்டங்களின்மேல் நீண்டு படர, மைசூர்ப் பெருநகரம் மாலைப் பொழுதை வரவேற்றுக்கொண்டிருந்தது. மண்டி மொஹல்லாவின் நெருங்கிய தெருக்களில் மல்லிகையும் மஞ்சளும் வறுத்த காப்பிக்கொட்டையும் கலந்தெழுந்த மணம், வருவோர் போவோரையெல்லாம் ஒரு கணம் நிறுத்தி வைத்தது. மணமறிந்து மகிழும் நன்மக்களே, அந்நகர் மூக்குக்கு விருந்தென்பது மெய். ஆயினும் அவ்விருந்தில் அச்சமும் உண்டு. அந்நாளில் அந்நாட்டில் முளைத்த சந்தன மரம் யாவும் மன்னர்க்கே உரியன. தன் வரப்பில் தானே முளைத்ததாயினும், அதை வெட்டிய உழவனுக்குச் சிறைதான். வெட்டிய கட்டையோ வாய்மூடி இருக்க அறியாது. எங்கு ஒளித்தாலும் மணந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நகர்ப்புறத்தே தோட்டம் பயிரிட்டு வாழ்ந்த சென்னிமலை, கொள்ளேகாலத்துத் தாய்வீட்டுக்குத் திருவிழாவுக்கு அழைத்துப்போகும் வழியில், மனைவி மாரக்காளை அத்தர்க் கடையொன்றின் முன் இறக்கி, விரும்பியதை வாங்கித் தருவதாகச் சொன்னான். மணமாகி ஈராண்டாகியும் அவன் இப்படி ஒன்று சொன்னதில்லையாதலால் அவள் உள்ளம் குளிர்ந்துபோயிற்று. கடைக்காரர் சந்தன நெய்யை அவள் மணிக்கட்டில் தொட்டுவைத்து, மணம் குப்பியில் இருக்கையில் எல்லார்க்கும் பொது, மேனியில் ஏறிய பின்பே ஒருவருக்கு உரியது என்று கூறிச் சற்றுக் காத்திருக்கச் செய்தார். அது அவள் மேனியில் ஆறிப்போன சோறுபோல் மந்தமாயிற்று. பயற்றமாவால் கையைக் கழுவச்செய்து வெட்டிவேர் நெய்யைத் தடவியபோதோ, புதுமழை பெய்த செம்மண்ணே தன் தோலில் முளைத்ததென அவள் வியந்து, மீண்டும் மீண்டும் முகர்ந்து தன்னை மறந்தாள்.

சென்னிமலை மட்டும் சந்தனமே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான். கை கழுத்தெல்லாம் தாராளமாகப் பூசிக்கொள்ளவும் சொன்னான். அன்பின் மிகுதியென்று எண்ணிய அவள் மறுத்துப் பேச மனமின்றி, அவன் காசைக் கொடுத்துவிட்டு மாடு பூட்டப் போன நேரம் பார்த்து வெட்டிவேர்க் குப்பியையே வாங்கி, அதையே பூசிக்கொண்டு வண்டியேறினாள். வண்டியில் சந்தனம் இலேசாக மணந்தது. கடைமணம் இன்னும் மூக்கை விடவில்லை போலுமென்று நினைத்துக்கொண்டாள்.

ஊரெல்லைக் காவற்சாவடியில் மல்லப்பன் என்னும் காவலன் மூங்கில் தடையை இறக்கி, வண்டியைச் சுற்றி மெல்ல நடந்தான்.

"வண்டி பூரா சந்தனம் மணக்குதே, என்னப்பா?"

"எம் பொண்டாட்டி பூசியிருக்கிற அத்தருங்க. வேணும்னா கையை மோந்து பாருங்க," என்றான் சென்னிமலை, வாய் கூசாமல்.

அக்கணமே மாரக்காளுக்கு எல்லாம் விளங்கிற்று. காலடி வைக்கோலுக்குள் இருப்பது இன்னதென்றும், தனக்கு ஏன் சந்தனம் என்றும் ஒருசேர விளங்கிற்று. இந்தக் கை நீண்டால் கணவன் சிறை புகுவான், நீளாவிட்டாலும் புகுவான்.

பிறன்மனையைத் தொட விரும்பாத மல்லப்பன், சாவடிக்குப் பின்னே களி கிளறிக்கொண்டிருந்த தன் மனைவி நஞ்சம்மாவை அழைத்தான். அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து, மாரக்காளின் மணிக்கட்டைப் பற்றி மூக்கருகே கொணர்ந்தாள். ஒருமுறை முகர்ந்தாள். பின் நிமிர்ந்து, நீர் தளும்பிய அக்கண்களை நெடுநேரம் நோக்கினாள்.

"சந்தனந்தான். போகட்டும் விடுங்க," என்றாள் கணவனிடம். தடை உயரும் அரவத்தினூடே அவள் குரல் தாழ்ந்தது: "அடுத்த தடவ நான் இங்க இருக்க மாட்டேன், தாயி."

சாலை வளைந்து சாவடி மறைந்ததும், சென்னிமலை பெருமூச்செறிந்து, சந்தனம் காத்ததென்று சிரித்தான். மாரக்காள் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க, மாமா."

முகர்ந்தவன் முகம் வெளிறிற்று. மாடுகளை நிறுத்தி, வைக்கோலைக் கிளறி, வழியோரத்து ஏரியில் கட்டைகளை ஒவ்வொன்றாக எறிந்தான். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள், உதவிக்கு இறங்கவில்லை.

ஒருத்தியைக் கேடயமாகப் பிடிக்கத் துணிந்தவன், அவள்மேல் வீசும் மணம் இன்னதென்றேனும் அறிந்திருக்க வேண்டாவா? ஒரே பலகையில் தோளுரச அமர்ந்து வந்தவன் அறியாததை, அயலாள் ஒருத்தி ஒரே மூச்சில் அறிந்தாள். அவன் அதன்பின் திருந்தி வாழ்ந்தான் என்பதும், அவளுக்குப் பிடித்ததையே தேடித்தேடி வாங்கித் தந்தான் என்பதும் உண்மையே. ஆனால் அவன் அன்போடு எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், மாரக்காள் முதலில் வாசலுக்குப் போய் வண்டியின் வைக்கோலை விலக்கிப் பார்த்துவிட்டே அதைக் கையில் வாங்கினாள்.