நாற்பத்தேழாம் கணக்கின் விடை

என் மருமகளுக்குப் பள்ளியில் மெமோ கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஆசிரியர்கள். ஒருவர்கூட மெமோ வாங்கியதில்லை.

காரணம் ஓர் இயற்பியல் கணக்கு. தரையில் ஒன்பது கிலோ கட்டை. அதன்மேல் பதினொரு கிலோ கட்டை. மேல்கட்டை ஒரு கயிற்றால் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறது. கீழ்க்கட்டையை இழுத்து நகர்த்த எவ்வளவு விசை வேண்டும்? நான் எழுதிய புத்தகத்தில் அது நாற்பத்தேழாவது கணக்கு. விடை 155 நியூட்டன். தேர்வில் அப்படி எழுதியவர்களுக்கெல்லாம் மருமகள் சுழி போட்டிருந்தாள். அவள் கணக்கில் விடை 125. ஒரு வக்கீலின் மகளுக்கு அதனால் முதலிடம் போய்விட்டது. வக்கீல் என் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனார். வெள்ளிக்கிழமைக்குள் தவறை ஒப்புக்கொள்ளாவிட்டால் மருமகளின் வேலை நிரந்தரமாகாது.

இதையெல்லாம் என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மருமகளைக் கூப்பிட்டேன்.

"என் புத்தகம்னு தெரிஞ்சுதானே சுழி போட்ட?"

"தெரியும் மாமா. யார் புத்தகம்னு பாத்தா கட்டை நகருது?"

வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். தாளை எடுத்து உட்கார்ந்தேன். உராய்வுக் கெழு எல்லா இடத்திலும் அரை. மேல்கட்டையின் எடை 110, பாதி 55. தரையில் மொத்தம் 200, பாதி 100. ஆக 155. தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் புத்தகத்தின் படத்தில் விரலை வைத்தாள். கயிறு சுவரை நோக்கி 37 டிகிரி சாய்வில் ஏறியது. சாய்ந்த கயிறு பக்கவாட்டில் மட்டும் இழுக்காது. மேல்கட்டையைக் கொஞ்சம் தூக்கவும் செய்யும். அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். அவள் போட்ட கணக்கில் கயிற்றின் இழுவிசை 50, தூக்குவது 30. மேலே உராய்வு 40, தரையில் 85.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் பதிப்பில் கயிறு கிடையாக இருந்தது. அதற்கு 155 சரி. கணக்குகள் எல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று யாரோ மதிப்புரை எழுத, எனக்கு ரோஷம் வந்து, அடுத்த பதிப்பில் கயிற்றைச் சாய்க்கச் சொல்லி அச்சகத்துக்கு எழுதினேன். விடையைத் தொடவில்லை. பதினாறு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது.

அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாமே என்றாள் மனைவி. அச்சுக் கோத்தவன் தலையில் பழியைக் கட்டி மானம் காப்பாற்றும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். வக்கீலும் இருந்தார். மருமகளுக்காகப் பரிந்து பேச வந்தீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல. என் கணக்கு தப்புன்னு சொல்ல வந்தேன். என் பேர் போட்ட தப்ப நான்தான் சொல்லணும்."

நின்றபடியே கணக்கை முழுதும் எழுதிக் கீழே கையெழுத்திட்டேன். வக்கீல் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். தலைமையாசிரியர் மெமோவை ரத்து செய்துவிட்டு, இந்தத் தாள் அறையைவிட்டு வெளியே போகாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னேன். ஒட்டும்வரை அங்கேயே நின்றேன்.

வாசலில் மருமகள் காத்திருந்தாள். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை.

"மாமா, அறுபத்திமூணாவது கணக்கையும் ஒரு தடவ பாக்கணும்."

"அதுலயும் கயிறா?"

"கப்பி."

"நட. வீட்ல போய்ப் பாக்கலாம்."