தமயந்தி சொன்ன மீதி

ஈஜிபுராவில் மாநகராட்சி ஏழைகளின் வீடுகளை இடித்த அன்று தமயந்தி ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னது இவ்வளவுதான்: “நான் எங்கயும் போவமாட்டேன். எம்மவன் வந்தா எங்கன்னு தேடுவான்?”

மறுநாள் அது கன்னடப் பேப்பரில் வந்தது. பக்கத்து வீட்டு விஜி போனில் பார்த்துப் படித்துச் சொன்னாள். வீடு போய்விட்டாலும் விஜி பக்கத்து வீடுதான். இரண்டு பக்கமும் மேற்கோள் குறி, கீழே பெயர், வீட்டு வேலை செய்பவர் என்று ஒரு வரி. சொன்னது சொன்னபடியே இருந்தது. தமயந்திக்கு அதில் குறை இல்லை.

மகன் சீனு சண்டை போட்டுக்கொண்டு போனவன். பூனாவில் ஓட்டல் வேலை என்று யார் யார் போனிலிருந்தோ எப்போதாவது பேசுவான். திருப்பிக் கூப்பிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள். இடித்த அன்று அவளுடைய போன் மண்ணுக்குள் போயிற்று. சிம் கணவன் பேரில் இருந்தது. அவர் வந்து விரல் வைத்தால் அதே நம்பர் கிடைக்கும் என்றான் கடைக்காரன். அவர் செத்து எத்தனையோ காலம். ஆக, சீனுவுக்குத் தெரிந்த விலாசம் அந்த இடம் ஒன்றுதான்.

இடம் இப்போது வெறும் மண்மேடு. எதிர் நடைபாதையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். போராட்டக் குழு வந்தது. கன்னடத்தில் கோஷம் போட மஞ்சுநாத் வந்தான். கம்பெனி வேலை முடிந்து சாயங்காலங்களில் கிருத்திகா வந்தாள், சேலத்துப் பெண். ஒருநாள் நடைபாதைச் சுவர் முழுக்கச் சிவப்புப் பெயின்டில் எழுத்து.

“ஆன்ட்டி, பாத்தீங்களா? உங்க வார்த்தைதான்” என்றாள் கிருத்திகா.

“இன்னா எழுதிக்கீது?”

“நாவு எல்லிகூ ஹோகல்லா. நாங்க எங்கயும் போகமாட்டோம்.”

“மீதி?”

“என்ன மீதி?”

“எம்மவன் வந்தா எங்கன்னு தேடுவான்னு சொன்னேனே.”

கிருத்திகா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “அது பேப்பர்ல வந்தது ஆன்ட்டி. அது கோட், மேற்கோள். ஒருத்தர் சொன்னது, அவங்க பேரோட, ஒரு எழுத்து மாறாம இருக்கணும். இது ஸ்லோகன். எல்லாரும் சேர்ந்து கத்தணும், எல்லாருக்கும் பொருந்தணும். எல்லாருக்குமா பையன் காணாம போயிருக்கான்?”

“காணாம போவல. பூனாவுல இருக்கான்.”

“சரி. பூனாவுல இருக்கான்.”

“அவ்ளோ பேரு கத்தறீங்க. ஒரு தபா அவன் பேரையும் சேத்துக் கத்தினா வாயா வலிக்கும்?”

விஜி சிரித்தாள். “உம்மவனுக்குத் தனியா ஒரு சங்கம் வெச்சிடலாம், வுடுக்கா.”

தமயந்தியும் கத்தினாள். “நாவு எல்லிகூ” என்பான் மஞ்சுநாத். “ஹோகல்லா, ஹோகல்லா” என்று கூட்டத்தோடு அவளும் கை தூக்குவாள். தன் வாயிலிருந்து வந்த சொல்தான். ஆனால் கத்தும்போது சீனு நினைவுக்கு வருவதில்லை. கத்தி முடித்து உட்கார்ந்த பிறகு அது அவளை அரிக்கும்.

மழை பிடித்தது. தார்ப்பாய்க்குக் கீழே காய்ச்சல் கண்டு, கூட இருந்த கிருஷ்ணப்பா இறந்துபோனார். பிறகு காந்தாவின் கைக்குழந்தை.

அதற்குப் பிறகு பெரிய கூட்டம் போட்டார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். செத்தவர்களின் வீட்டார் ஒவ்வொருவராக மேடையேறி, போட்டோவைக் காட்டிப் பெயரைச் சொல்ல வேண்டும். மஞ்சுநாத் அந்தப் பெயரை மைக்கில் சொல்வான். கூட்டம் “அமர் ரஹே”, அழியாமல் வாழ்க, என்னும். இறந்தவர்களுக்கு இந்த ஊரில் எந்தக் கூட்டத்திலும் அதுதான் வழக்கம்.

தமயந்தி கிருத்திகாவின் கையைப் பிடித்தாள். “டிவிக்காரங்க வந்துக்கீறாங்க. மைக்கு ஒரு தபா குடு கண்ணு. மீதியச் சொல்லிட்டு எறங்கிடறேன்.”

கிருத்திகாவால் மறுக்க முடியவில்லை. “கடைசியா ஏறிக்கங்க” என்றாள். மஞ்சுநாத்திடம் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

கிருஷ்ணப்பாவின் மனைவி ஏறி இறங்கினாள். காந்தா வெறுங்கையோடு ஏறினாள். குழந்தையை இன்னும் போட்டோ எடுத்திருக்கவில்லை. அடுத்து தமயந்தி. ரேஷன் கார்டு உறைக்குள் இருந்ததால் தப்பிய சீனுவின் போட்டோ கையில் இருந்தது. அதை உயர்த்திக் காட்டினாள்.

“இது எம்மவன். பேரு சீனு.”

மூச்சு வாங்கினாள். அதற்குள் மஞ்சுநாத் மைக்குக்குக் குனிந்தான்.

“சீனு!”

“அமர் ரஹே!”

“சீனு!”

“அமர் ரஹே! அமர் ரஹே!”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தாள். அத்தனை வாயிலும் அவன் பெயர். பிறகு காந்தாவைப் பார்த்தாள். காந்தா அழுதுகொண்டே கை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தாள்.

“இல்லய்யா” என்றாள் தமயந்தி. “இருக்கான். எம்மவன் இருக்கான்.”

மஞ்சுநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். “அம்மா ஹேள்தித்தாரே, சீனு இத்தானே! நம் ஜொதே இத்தானே!”

அம்மா சொல்கிறார், சீனு இருக்கிறான், நம்மோடு இருக்கிறான். மற்ற இருவருக்கும் எழாத சத்தம் அப்போது எழுந்தது. கிருத்திகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்து சேர்ந்தபோது அடுத்த பேச்சாளர் தொடங்கியிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் மஞ்சுநாத் தமயந்தியின் காலில் விழுந்தான். வீடியோ அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது. திருத்தம் போட்டார்கள். அதை யார் பார்த்தார்களோ. அவள் வேலை பார்க்கும் வீட்டு அம்மா துக்கம் கேட்டாள்.

“உயிரோடதாம்மா இருக்கான்” என்றாள் தமயந்தி.

அந்த அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, ஒரு வாரம் வரவேண்டாம் என்றாள்.

மறுநாள் காலையில் மண்மேட்டைச் சுற்றிய தகர வேலியில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. வேண்டாம் என்று சொல்வதற்குள் கடையில் அடித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பா, குழந்தைக்குப் பதில் ஒரு வெள்ளைப் பூ, சீனு. மேடையில் எடுத்த படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். சுற்றிலும் அச்சடித்த மாலை, கீழே கன்னடத்தில் கண்ணீர் அஞ்சலி.

மழைக்காலம் முடியும் முன் மாநகராட்சியோடு பேச்சுவார்த்தை முடிந்தது. எல்லோருக்கும் ஊருக்கு வெளியே, தொலைவில், ஆனேக்கல் பக்கம் வீடு. ஜெயித்துவிட்டோம் என்றான் மஞ்சுநாத். பட்டாசு வெடித்தார்கள்.

“எங்கயும் போவமாட்டோம்னு கத்தினோமே” என்றாள் தமயந்தி.

“அது ஸ்லோகன்க்கா” என்றாள் விஜி, சாமான்களைக் கட்டிக்கொண்டே. “குடத்த இப்படி எடு.”

தமயந்தி மட்டும் அங்கேயே இருந்துவிடலாம் என்று பார்த்தாள். நடைபாதையையும் வேலிக்குள் சேர்க்கப்போகிறார்கள் என்றார்கள்.

லாரி வந்து நின்றபோது கிருத்திகா கத்தரிக்கோலோடு வந்தாள். வேலிப்பக்கம் போய் ஃப்ளெக்ஸின் கயிற்றைப் பிடித்தாள்.

“வேணாம்” என்றாள் தமயந்தி.

“தப்பால்ல எழுதியிருக்கு ஆன்ட்டி. சீனு வந்து பாத்தா...”

“பாக்கட்டும்.”

“அவன் மனசு என்ன ஆகும்?”

“கோவம் வரும். யார்ரா எழுதினதுன்னு நாலு பேர்கிட்ட சண்டைக்குப் போவான். போனாத்தான் நான் எங்கன்னு எவனாச்சும் சொல்லுவான்.” தமயந்தி ஃப்ளெக்ஸைப் பார்த்தபடியே பேசினாள். “வீடு இல்ல. போன் இல்ல. இந்த ஊர்ல அவன் மூஞ்சி இருக்கறது இங்க ஒண்ணுதான். பேனா வெச்சிருக்கியா?”

கிருத்திகா பையிலிருந்து தடித்த மார்க்கரை எடுத்துக் கொடுத்தாள். தமயந்தி சீனுவின் முகத்துக்குக் கீழே, கன்னட எழுத்துகளுக்கும் கீழே, தமிழில் எழுதினாள். அம்மா ஆனேக்கல்ல இருக்கேன். எந்த பிளாக், எந்த வீடு என்பதெல்லாம் போனால்தான் தெரியும். விஜியின் நம்பரைக் கேட்டாள். விஜி லாரி மேலிருந்து ஒவ்வொரு இலக்கமாகக் கத்தினாள்.

வேலிக்குள்ளிருந்து காவலாளி வந்து பார்த்தான். “ஏனம்மா சும்னே பரீத்தீரா? நாளே எல்லா தெகீத்தாரே.”

எதற்கு வீணாக எழுதுகிறாய், நாளைக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள் என்றான். தமயந்திக்கு அது நன்றாகவே புரிந்தது.

“ஏழா, ஒண்ணா? சரியாச் சொல்லு” என்று லாரியைப் பார்த்துக் கேட்டாள்.

“ஒண்ணு” என்றாள் விஜி.

தமயந்தி எழுதினாள்.