பிள்ளையாரின் குழைக்குவியல்

என் வாய்க்கு எங்கள் வீரைமடு ஊரே பயம். கிராம சேவகர்கூட என் வீட்டு வாசல் படலையைக் கண்டால் சைக்கிளை வேகமாக உழக்குவார். அந்த வாயால் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். குறுக்கே கதைக்காமல் கேளுங்கள்.

போன ஆவணியில், மூன்று மாதமாகத் துளி மழை காணாத காட்டுக்கு மேலே ஒரு பின்னேரம் வெறும் இடி இடித்தது. மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மின்னல் மட்டும் எங்கோ ஒரு பட்ட மரத்தில் இறங்கியது. அடுத்த நாள் காலை காட்டுக்குள்ளிருந்து புகை எழும்பியது. என் மனுசன் பரமேஸ்வரன் வன இலாகாக் கந்தோருக்குப் போன் எடுத்தார். "பாதையில்லாத காடு, வாகனம் வராது. நீங்களே பாத்துச் சமாளியுங்கோ, பின்னேரம் ஆள் அனுப்புறம்" என்றார்களாம். ஆறுதலாக வர இது என்ன கலியாண வீடோ?

சமாளிக்கத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். காட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை ஓடுகிறது. அதை ஒரு லொறி போகும் அகலத்துக்குப் புல் பூண்டு போகச் செருக்கி, சருகைக் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரிய விட்டால், வருகிற நெருப்பு தின்ன ஒன்றுமில்லாமல் சாகும். மண்வெட்டி, கத்தி, சருகு இழுக்கிற வாரி என்று ஊர் முழுக்க வந்தது. நளீரும் வந்தான்.

நளீர், தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது, சின்னப் பெடியனாக, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனவன். மனுசி பாத்தும்மாவோடு திரும்பி வந்து, தகப்பனின் காணியில் மாட்டுப்பட்டி போட்டிருந்தான். பாதையின் வளைவுக்கு நேரே அந்தப் பட்டி. பகலில் தாய்மாடுகள் குளத்தடியில் மேயும். கன்றுகள் பட்டிக்குள் ஓலைக் கொட்டிலில் கட்டி நிற்கும். எங்கள் பொங்கலுக்கு எந்த வருசமும் அங்கிருந்துதான் பால்.

அதே வளைவில்தான் எங்கள் பிள்ளையாரும் இருக்கிறார். கோயில் என்று ஒன்றுமில்லை. ஒரு பாலை மரம், அடியில் ஒரு கல். காட்டுக்குள் இறங்குகிறவர்கள் இலையோடு ஒரு குழை முறித்து அவர் காலடியில் போட்டுவிட்டுத்தான் போவோம். போட்டதை எவரும் எடுப்பதில்லை. காய்ந்து காய்ந்து ஆளுயரத்துக்குக் குவிந்து பாதைவரை வந்துவிட்டது. மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவர்கள் வந்து என் மனுசனின் முகத்தைப் பாருங்கள். தேனெடுக்கிற அவசரத்தில் ஒரேயொரு நாள் குழை போடாமல் போனார். கரடி இடது கண்ணைக் கொண்டுபோனது.

மத்தியானம் பாதை முழுக்கச் செருக்கி முடித்தோம். குவியல் மட்டும் கிடந்தது. நளீர் வாரியோடு அதற்குப் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, இதை இழுத்து அங்கால போடட்டோ? நல்லாக் காய்ஞ்சு கிடக்கு. இது பத்தினால் நேரே என்ர பட்டிக்குத்தான் பாயும். கண்டுகள் நிக்குது."

"தொட்டுப் பாரும்!" என்று கத்தினேன். "உம்மட பள்ளிவாசலுக்குள்ள வந்து நான் விறகு பொறுக்கினனானே?"

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். என் மனுசன் மட்டும் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "விடுமப்பா, எடுக்கட்டும். பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

"ஓம், மற்றக் கண்ணும் போகட்டும்! பிறகு ஆர் உங்களைக் கையில பிடிச்சுக்கொண்டு திரியிறது? பிள்ளையாரின்ர இடத்தைப் பிள்ளையார் பாப்பார்."

"சரி அக்கா" என்று நளீர் வாரியைக் கீழே வைத்தான். கன்றுகளையாவது அவிழ்த்து விடுவோமென்று பட்டிப் பக்கம் திரும்பினான். அந்த நேரம் பாதையின் மற்ற முனைத் தொங்கலில், எங்கள் வீடுகளுக்கு நேரே, புகை பாதைக்கு வந்துவிட்டது. "அங்கால ஆள் போதாது, ஓடும் தம்பி!" என்று நான்தான் கத்தினேன். அவன் ஓடினான். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பாத்தும்மாவும் குடத்தோடு பின்னால் ஓடினாள். பச்சைக் குழையால் அடித்து அடித்து எங்கள் வேலிகளைக் காப்பாற்றியவர்களில் அவனும் ஒருவன்.

செருக்கிய இடமெல்லாம் நெருப்பு மண்ணைக் கண்டு நின்றுவிட்டது. குவியல் மட்டும் ஒரே மூச்சில் பற்றியது. சோளகக் காற்று பொறியை அள்ளிக் கொட்டில் கூரையில் போட்டது. நளீர் கையிலிருந்த பச்சைக் குழையை எறிந்துவிட்டு ஓடினான், நாங்களும் ஓடினோம். கிட்டப் போக முடியவில்லை. ஆறு கன்றுகள், கட்டினது கட்டினபடி.

பொழுதுபட மாடுகள் வந்து எரிந்த பட்டியின் வாசலில் நின்று கத்தின. அதற்குப் பிறகு மழை பெய்தது. நாசமாய்ப் போன மழை, ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்ன? கந்தோர் ஆட்களும் குடையோடு வந்தார்கள். இவ்வளவு நன்றாகச் செருக்கிய பாதையை நெருப்பு எப்படித் தாண்டியது என்று நளீரைக் கேட்டார்கள்.

"காத்து, சேர்" என்றான். என் பக்கம் திரும்பவேயில்லை. நான் அங்கேதான் நின்றேன்.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. எங்கள் வீடுகளில் ஒன்றுகூட எரியாமல் காத்த பிள்ளையாருக்குப் பொங்கல் வைப்பதென்று தீர்மானம். வெட்கம் கெட்டவர்கள் என்று ஊரைத் திட்டலாம்தான், ஆனால் நானும் சேர்ந்து தலையாட்டினேன். பாலுக்கு என்ன செய்வது, பால்மா கரைப்போமா என்று என் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது பாத்தும்மா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் வாளி நிறையப் பால்.

"பொங்கல் எண்டு கேள்விப்பட்டம். இந்தாங்கோ அக்கா" என்றாள். "குடிக்கக் கண்டுகள் இல்லை. மாடுகளுக்கு மடி கட்டி நோகுது."

பிழை என்னுடையது பிள்ளை, என்னை மன்னியுங்கோ. நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஊரையே கிழிக்கிற வாய் இது. வாளியை வாங்கிக்கொண்டு, "கழுவித் தாறன், நில்லும்" என்றேன்.