ரெண்டு-மூணு-ரெண்டு

பிரிண்டரிலிருந்து கடைசி இசைக்குறிப்புத் தாளை உருவிக்கொண்டு ஓடினாள் மெரினா. ஹட்டன் தேவாலய வாசலில் மணப்பெண்ணின் கார் வந்து நின்றுவிட்டது.

மாப்பிள்ளை மேர்வின் வழியை மறித்தான். பாடற்குழுவுக்கு மாஸ்டரும் அவன்தான்.

"குறியெல்லாம் கோடு போட்டுச் சரியாக் கட்டினியா? அந்த சொப்ட்வெயார் ஏழு அடித் தாளத்தைக் கண்டா அது பாட்டுக்கு நாலு-மூணுன்னு கட்டிரும்."

"ஒவ்வொரு குறியையும் கையாலதான் சேத்துக் கட்டினேன் சேர்."

"டைப் அடிக்கிற புள்ளைக்கு வேற என்ன வேல!"

மெரினா பல்லைக் கடித்தாள். வட்டவளைத் தோட்டத்து லய வீடுகளில் கல்யாணத்துக்குத் தப்பு மேளம் அடிக்கும் மூணு-ரெண்டு-ரெண்டு தாளத்தில் அவள் போட்ட பாட்டு இது. கொழும்புப் போட்டியில் அவன் தன் பெயரில் கொடுத்துப் பரிசு வாங்கினான். கேட்டதற்கு, "நீ டைப்தானே அடிச்ச" என்றான். அந்தப் பாட்டுக்குத்தான் இன்று அவனுடைய மணப்பெண் நடந்து வரப்போகிறாள்.

தப்புக்காரர்களை அவன் கூப்பிடவில்லை, கௌரவக் குறைச்சலாம். கண்டியிலிருந்து வந்த பேண்ட்காரர்கள் தாளைப் பார்த்து அடிப்பவர்கள். ஒரே கோட்டில் கட்டிய குறிகளில் முதல் குறிக்கு ஓங்கி அடிப்பார்கள்.

"இது என் சொந்தப் படைப்பு!" பீடத்தருகே மைக்கில் முழங்கினான் மேர்வின்.

ட்ரம் அதிர்ந்தது. பெண் நாலு எட்டு வைப்பதற்குள் அவளுடைய தாய் மரியநாயகி எழுந்துவிட்டாள்.

"நிப்பாட்டுங்கடா! எம் மக கல்யாணத்துல சாவுத் தாளம் அடிக்கிறீங்களே, இங்க யாரு செத்துப்போனா?"

பெண் வீட்டு வட்டவளைச் சனம் மொத்தமும் எழுந்தது. பெண் பாதி வழியில் நின்று அழுதாள்.

"சொந்தப் படைப்பாம்ல! மாப்பிள்ளைக்கு இழவு வீட்டுலதான் பழக்கமோ?" என்றாள் மரியநாயகி.

மேர்வினுக்கு முகம் வெளிறியது. "நான் போடல மாமி! பாட்டு மெரினா போட்டது, பேரு மட்டுந்தான் என்னுது! தாளத்த மாத்தினது அந்த சொப்ட்வெயார்!"

மைக் அதையும் தேவாலயம் முழுக்கச் சொன்னது.

"அப்ப கொழும்புல வாங்கின பரிசு?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மேர்வின் அவசரமாக மைக்கை அணைத்தான். மெரினா பணிவாகத் தலையசைத்தாள். "மெஷினுக்கு என்னங்க மாமி தெரியும்?"

அதுவும் மெய்தான். சொப்ட்வெயாருக்குத் தெரிந்த பிழை ஒன்றே ஒன்று: நாலு-மூணு. இழவு வீட்டு ரெண்டு-மூணு-ரெண்டு அதற்குத் தெரியவே தெரியாது.

அவள்தான் சொன்னாளே, ஒவ்வொரு குறியையும் கையால் சேர்த்துக் கட்டியதாக.