லாமா, வேண்டுமா?

சட்டக் கல்லூரியில் என் அத்தானுக்கு 'லாம் வாத்தியார்' என்று பெயர். மாணவர்கள் வைத்தது. அவருக்கும் தெரியும், தெரிந்தும் திருந்தவில்லை. எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதலில் வாக்கியத்தின் வாலைத்தான் பிடிப்பார். மேசையைத் தட்டி, "லாமா, வேண்டுமா?" என்பார். அதிகாரி உரிமம் தர வேண்டும் என்று எழுதியிருந்தால் தந்தே தீர வேண்டும். தரலாம் என்று இருந்தால் அவன் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "ஒரு லாம் போதும்யா, முழுச் சட்டத்தையும் படுக்க வைக்க" என்பார். அதற்குமேல் அவரிடம் வேறு தத்துவம் கிடையாது.

வீட்டிலும் அதே கூத்துதான். என் அக்கா, "சாயங்காலம் கடைக்குப் போகலாம்" என்று வாயைத் திறந்தால், "லாமா, வேண்டுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

"வேணும்னு சொன்ன அன்னைக்கு மட்டும் வந்து கிழிச்சீங்களாக்கும்" என்பாள் அக்கா.

அத்தானுக்கு ஒரே தங்கை, தையல்காரி. 'ஊசி' என்று கூப்பிடுவோம். தொழிலுக்காகப் பாதி, வாய்க்காகப் பாதி. புருஷன் போன பிறகு கடைவீதியில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை போட்டாள். முன்னால் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, திரைக்குப் பின்னால் குடித்தனம். அண்ணன்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவார். கிளம்பும்போது ஊசி கழுத்தில் டேப்போடு வாசல்வரை வந்து, "அடுத்த ஞாயிறும் வரணும்ணே" என்பாள்.

"பார்த்தியா மாப்ள, வரலாம்னு சொல்லல, வரணும்னு சொல்றா. என்கிட்ட ஒழுங்கா பாடம் படிச்சது இவ ஒருத்திதான்" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார்.

கல்லூரி மைதானத்தை நிர்வாகம் விற்கப் பார்த்தபோது அத்தான் வழக்குப் போட்டு, ஒரேயொரு 'வேண்டும்' என்ற சொல்லைப் பிடித்துத் தொங்கி ஜெயித்தார். ஊர் கொண்டாடியது. கட்சிக்காரர்கள் விடுவார்களா? சீட்டுக் கொடுத்தார்கள். நின்றார், வென்றார். இரண்டாவது தடவை வென்றதும் சட்ட அமைச்சர். மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த நான் அவருடைய உதவியாளன் ஆனேன். பை மாறியது, தூக்குவது மாறவில்லை.

அந்த வருஷ மழையில் ஒரு பழைய கட்டடம் சரிந்து ஆட்கள் செத்துப்போனார்கள். ஆபத்தான கட்டடங்களை இடிப்பதற்கு அத்தானே உட்கார்ந்து ஒரு மசோதா எழுதினார். இடிக்கும் முன் அதிகாரி குடியிருப்போர் தரப்பைக் கேட்க வேண்டும். அவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். இரண்டு 'வேண்டும்'. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். ஏசி குளிரில் கண்ணாடி மேசையைச் சுற்றி நாலைந்து பேர்.

"எல்லாம் பிரமாதம் புரொபசர். இந்தக் 'கேட்க வேண்டும்' மட்டும் 'கேட்கலாம்'னு இருக்கட்டும். ஒவ்வொருத்தர் கதையையும் கேட்டுக்கிட்டிருந்தா கட்டடம் தானாவே விழுந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

"உங்களுக்கு ஒத்துவரலைன்னா சொல்லுங்க, மசோதாவை அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் முதல்வர். அந்த அறையில் 'பார்க்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும்.

அத்தான் பேனாவை எடுத்துத் திருத்தினார்.

திரும்பும்போது காரில் அவராகவே பேசினார். "மாற்று இடம் தர வேண்டும்னு இருக்கே, அதுல கை வைக்கலையே. அதிகாரியும் மனுஷன்தானே. கேப்பான்."

"லாமா, வேண்டுமா அத்தான்?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டசபையில் மேசைகளைத் தட்டும் ஒலியோடு மசோதா நிறைவேறியது.

அடுத்த வருஷம் ஊசியின் கட்டடத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மேல்மாடியில் விரிசல் இருந்தது உண்மைதான். ஆனால் அவள் கடை இருந்த பகுதி பிற்பாடு பக்கவாட்டில் ஒட்டித் தனியாகக் கட்டியது, இரும்புத் தூண் போட்டது. அதைச் சொல்லப் போனவளை அதிகாரி உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அந்த ஆளுக்கு நான் ஒரு ஃபோன்..." என்று எழுந்தார் அத்தான்.

"ஃபோன் எல்லாம் வேணாம். மந்திரி தங்கச்சிக்கு ஒரு நியாயம், மாடியில இருக்கிறவங்களுக்கு ஒரு நியாயமா? மேல இடிக்கட்டும். என் பக்கத்தை வந்து பார்த்துட்டு, நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும். சட்டத்துல கேக்கணும்னு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுண்ணே."

அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"கேட்கலாம்னு இருக்கு."

"லாமா?" என்றாள் ஊசி. "யார் எழுதினது?"

அக்கா ஏந்தி வந்த டீயைக் கொடுக்காமல் அப்படியே நின்றாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஊசி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஞாயிறு அத்தான் அங்கே போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அவள் கோர்ட்டுக்குப் போனாள். தீர்ப்பன்று அத்தான் யாரிடமும் சொல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நீதிபதி அம்மா அவரிடம் படித்தவர்.

"'கேட்க வேண்டும்' என்றிருந்தால் இன்றே இந்த இடிப்பைத் தடுத்திருப்பேன். 'கேட்கலாம்' என்றிருப்பதால் அது அதிகாரியின் விருப்பம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியரே இந்த மன்றத்தில் இருக்கிறார்" என்றார் அவர். குத்திக்காட்டவில்லை, பாவம், மரியாதையாகத்தான் சொன்னார். கேட்கத்தான் சகிக்கவில்லை. ஊசி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை.

கட்டடத்தை இடித்தார்கள். இரும்புத் தூண்கள் லேசில் சாயவில்லை, இரண்டு இயந்திரம் வைத்து இழுக்க வேண்டியிருந்தது. அத்தான் ஒரு சொல்லை மட்டும் மாற்றத் திருத்த மசோதா எழுதிக்கொண்டு போனார். முதல்வர் வாங்கி வைத்துக்கொண்டு, "பார்க்கலாம் புரொபசர்" என்றார். அத்தான் பதவியை விட்டுவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். விடவில்லை. அடுத்த தேர்தலிலும் நின்று வென்றார்.

வென்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா மாப்ள, போய் அவளைப் பார்த்துட்டு வரலாம்" என்றார். ஊசிக்குக் கொடுத்த மாற்று இடம் ஊர் எல்லையில், மூன்றாவது மாடியில். சட்டப்படி கொடுத்திருந்தார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. தைத்த துணியை வாங்க மூன்று மாடி ஏறி எந்த வாடிக்கைக்காரி வருவாள்? மெஷினில் ஒரு பழைய திரைச்சீலை கிடந்தது. அவளுடையதுதான், பழைய கடையில் தொங்கியது.

டீ கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். அக்கா எப்படியிருக்கிறாள் என்று விசாரித்தாள். கடையைப் பற்றி அவளும் பேசவில்லை, அத்தானும் பேசவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தோம். அவள் மெஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அத்தான் வாசலில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த ஞாயிறு வரட்டுமா?"

மெஷின் நின்றது.

"வரலாம்ணே" என்றாள் ஊசி. மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.