பனி விழாத கூரை

ஷோவா பேரரசரின் நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜப்பானின் வடக்கே அகிதா மலைப்பக்கம் இருக்கிற எங்கள் சிற்றூரில், மினெயோவின் வீட்டின் மேல் பனி விழவில்லை. மற்ற வீட்டுக் கூரைகளிலெல்லாம் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. அவள் வீட்டு இறவாணம் வரை வந்த பனி, கத்தரித்த துணி போல அங்கேயே நின்றுவிட்டது. கூரைத் தகரம் மட்டும் இலையுதிர்காலத்தில் இருந்தபடியே உலர்ந்து கிடந்தது. அந்த வருஷம் முள்ளங்கி விளைச்சல் சுமார், அரிசி விலை பரவாயில்லை. வானிலை நிலையத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், தேநீர் குடித்தார், "அப்படியா" என்றார், பஸ் ஏறிப் போய்விட்டார். அவரைச் சொல்லி என்ன? அடுத்த வீட்டுக் கூரையைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை, அதனால் நாங்களும் பேசவில்லை.

மினெயோ கடற்கரை ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அறுவடை முடிந்ததும் எங்கள் ஆண்கள் கட்டட வேலைக்கு டோக்கியோ போய்விடுவார்கள், உழவுக்குத்தான் திரும்புவார்கள். அந்த வருஷம் அவள் கணவன் தொராகிச்சி போன வேகத்தில் சாரத்திலிருந்து விழுந்து, வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் சாம்பலாகத் திரும்பி வந்தான். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்த வருஷத்து முதல் பனி அவள் கூரையை விட்டுவிட்டு விழுந்தது. வானத்துக்கே அவள் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். மினெயோ அப்படி நினைக்கவில்லை. தன் கூரையில் விழ வேண்டிய பங்கு அடுத்தவர் கூரைகளில் விழுகிறது என்று நினைத்தாள். கடைக்குப் போய்ப் பயற்றம் பூரணம் வைத்த பலகாரம் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு, ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள்.

"எங்க வீட்டுப் பங்கும் உங்க தலையில விழுதுக்கா. பெரிய தொந்தரவு குடுக்கிறேன், மன்னிக்கணும்" என்று பக்கத்து வீட்டுக் கிகுனோவின் வாசலில் குனிந்து நின்றாள்.

கிகுனோவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "வானத்துக்கும் சேர்த்து நீயே மன்னிப்புக் கேட்டுட்டியா? சரிதான். அப்போ வெயில் காலத்துல கொசு வந்தாலும் ஒரு பெட்டி கொண்டாந்துடு" என்றாள். பெட்டியை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கினால் பதில் செய்யாமல் இருக்க முடியுமா? மறுநாள் கிகுனோ வீட்டிலிருந்து உப்பு மீன் போயிற்று. அதற்குப் பதிலாக மினெயோவிடமிருந்து மோச்சி அரிசி உருண்டை வந்தது. இப்படியே போனால் பனியைவிடப் பலகாரம் உயர்ந்துவிடும் என்று ஊர்த்தலைவர் ஹோஷினா தலையிட்டு நிறுத்தினார்.

அவளுடைய பயம் வேறு இடத்தில் இருந்தது. கூரைப்பனி தள்ளுகிற நாளில் பெண்கள் எல்லோரும் ஒரே காலையில் ஏறுவோம். தள்ளி முடித்து, தெருவை ஒன்றாகத் துப்புரவாக்கி, யாராவது ஒருத்தி வீட்டில் கணப்பின் மேல் விரித்த போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடி முதுகு வலியைச் சொல்லிச் சொல்லி மாய்வோம். வருகிற நடவுக்கு யார் யார் வயலில் இறங்குவது என்பதும் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் முடிவாகும். முதல் வருஷம் மினெயோ அங்கே காய்ந்த கையுறையோடு உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொள்ள ஒரு வலி இல்லை. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரையும் போ என்று சொல்ல மாட்டோம், கூப்பிட மறந்துவிடுவோம், அவ்வளவுதான். நடவுக்கு ஆள் வராவிட்டால் வயல் போகும், பின்னாலேயே வீடு போகும், மகள் நாட்சுவை இழுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

ஆகவே அடுத்த குளிர்காலத்தில், கூரைநாளன்று விடிவதற்கு முன், ஆற்றோரத்துப் பனியைக் கூடையில் அள்ளி, முதுகில் கட்டி, ஏணி வழியாக ஏற்றித் தன் கூரையில் கொட்டினாள். விடிந்ததும் மற்றவர்களோடு தானும் ஏறி அதே பனியைக் கீழே தள்ளினாள்.

"இந்த வருஷம் ஜாஸ்திதான், இல்லக்கா?" என்று கூரைக்குக் கூரை கேட்டாள்.

"ஜாஸ்திதான்" என்றாள் கிகுனோ, மலையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பனியில் கூடையின் அச்சு வட்டம் வட்டமாகத் தெரிந்தது. பார்க்காதவர் யாரும் இல்லை, பார்த்ததாகக் காட்டிக்கொண்டவரும் இல்லை. அவள் முதுகு எங்களைவிட இரண்டு பங்கு வலித்திருக்கும். ஆனால் தேநீர் வேளையில் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வசந்தத்தில் அவள் வயலில் எல்லோரும் இறங்கினோம். இப்படிச் சில வருஷங்கள் ஓடின, ஆண்கள் போனார்கள், வந்தார்கள், ஊருக்குத் தொலைபேசி வந்தது.

நாட்சு பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்குப் போன வருஷம், ஏணிப்படி உறைந்திருந்ததைக் கவனிக்காமல் மினெயோ கூடையோடு விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடியது கிகுனோதான். கால் எலும்பு முறிந்திருந்தது. வைத்தியர் கட்டுப் போட்டார். பனி நிறைந்த கூடையோடு ஏணியில் உனக்கு என்ன வேலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைய கூரைநாளை மறுநாளைக்குத் தள்ளி வைத்தோம்.

"நான் ஏறட்டுமாம்மா?" என்றாள் நாட்சு.

"வேண்டாம். நாளைக்கு ஊரே ஏறி நிக்கும்போது நம்ம கூரை மொட்டையா இருக்கும். இருக்கட்டும். மாமா வீட்டுக்குப் போக உன் துணியெல்லாம் எடுத்து மடிச்சு வை" என்றாள் மினெயோ.

காலையில் தலைக்கு மேல் தகரம் அதிர்ந்தது. நாட்சு வெளியே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"எல்லாரும் நம்ம கூரை மேல இருக்காங்கம்மா. கிகுனோ அத்தை, தலைவரய்யா, எல்லாரும். கீழேருந்து கூடை கூடையா பனியை மேல ஏத்துறாங்க."

"ஏத்துறாங்களா?"

நாட்சு மறுபடி எட்டிப் பார்த்தாள். "ஏத்தி முடிச்சிட்டாங்க. இப்போ தள்ளுறாங்க."

கொஞ்ச நேரத்தில் கிகுனோ செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். "ஏம்மா, கூரையில இவ்வளவு கெடக்கு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தொந்தரவுன்னு நெனைச்சியாக்கும். என் முதுகு போச்சு. அடுப்புல வெந்நீர் இருக்கா? எல்லாரும் இங்கதான் தேநீருக்கு வராங்க" என்றாள்.

மினெயோ படுத்தபடியே குனிந்து வணங்கப் பார்த்தாள், முடியவில்லை. சாம்பல் பெட்டி வந்த நாளில்கூட எங்கள் முன்னால் அழாதவள் அன்று சத்தமாக அழுதாள். நாங்கள் ஊறுகாய் நன்றாக இருப்பதாகப் பேசிக்கொண்டோம்.

அந்த வீட்டின் மேல் இன்றும் பனி விழுவதில்லை. கூரைநாளன்று முதலில் அங்கே பனி ஏற்றுவோம், பிறகு எல்லோரும் தள்ள ஆரம்பிப்போம். புதிதாக வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் முதல் வருஷம் ஏன் என்று கேட்பார்கள். இரண்டாம் வருஷம் கூடையோடு வந்துவிடுவார்கள்.